பெட்டியா, சட்டியா?

 

சென்ற மாதம் நமது இந்தப் பகுதிக்கு ஒரு தாயார் கடிதம் எழுதியிருந்தார். அவருடைய மகன் வெளிநாட்டில் தொழில் புரிகிறார். அடுத்த விடுமுறைக்கு வரும்போது, வீட்டிலேயே யோகட் செய்யும் பெட்டி ஒன்றை வாங்கி வரட்டுமா என்று கேட்டிருக்கிறார். “கடையில் ஒவ்வொரு கோப்பையாக வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. பெட்டி வாங்கினால் மிச்சம் பிடிக்கலாமா? அல்லது அதுவும் அலுமாரியின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும் இன்னொரு சாமானா? ஒளிக்காமல் எழுதுங்கள்” என்று கேட்டிருந்தார்.

ஒளிக்காமலே எழுதுகிறேன். ஏனென்றால் அந்தப் பெட்டி என் வீட்டு அலுமாரியின் மேலும் ஒரு காலம் உட்கார்ந்திருந்தது!

முதலில் அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். கடைகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று, மின்சாரத்தில் வேலை செய்வது. அடியில் இலேசாகச் சூடேறும் ஒரு தட்டு, அதன்மேல் மூடி போட்ட சின்னச் சின்னக் கண்ணாடிப் போத்தல்கள். ஒரு சிறிய மின்குமிழுக்குச் செலவாகும் அளவு மின்சாரமே அதற்குப் போதும். மற்றது, மின்சாரமே தேவைப்படாத வகை. பெரிய பிளாஸ்க் போன்ற ஒரு பாத்திரம். அதனுள் ஒரு லீட்டர் கொள்ளும் மூடிய குவளை. கூடவே பொடி அடைத்த பக்கற்றுகள். பொடியைக் குவளையில் போட்டு, பச்சைத் தண்ணீர் விட்டுக் குலுக்கி, கொதிநீர் ஊற்றிய பிளாஸ்கினுள் இறக்கி மூடிவிட வேண்டும். எட்டு மணி முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் யோகட் தயார். நியூசிலாந்து, அவுஸ்திரேலியா, இங்கிலாந்து முதலிய நாடுகளில் பல வீடுகளில் இது பழக்கமான பொருள்.

என் தம்பி மகன் அவுஸ்திரேலியாவிலிருந்து கொண்டு வந்து தந்தது இந்த இரண்டாவது வகைதான். “மாமி, இனி நீங்க கடைக்கே போகத் தேவையில்லை” என்று பெருமையோடு கையில் தந்தான். பிள்ளையின் அன்பைத் தட்ட முடியுமா? அன்றிரவே பிஸ்மில்லாஹ் சொல்லிச் செய்து பார்த்தேன். காலையில் திறந்தபோது, மேலே பச்சைத் தண்ணீர் மிதக்க, அடியில் மணல் மணலாகத் திரைந்து, வாயில் வைக்க முடியாத புளிப்பு!

பக்கற்றில் எழுதியிருந்ததை மீண்டும் ஒருமுறை ஆறுதலாகப் படித்தபோதுதான் காரணம் விளங்கிற்று. அந்தப் பெட்டியைச் செய்தவர்கள் தங்கள் நாட்டுக் குழாய்த் தண்ணீரை மனத்தில் வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். அங்கே குழாயைத் திறந்தால் கை விறைக்கும். நம் தண்ணீரோ பகலில் இளஞ்சூடாகவே வருகிறது. அதில் கரைத்த பொடியைக் கொதிநீருக்குள் இறக்கினால் சூடு அளவை மீறிவிடுகிறது. அடுத்த முறை குளிர்சாதனப்பெட்டியில் வைத்த தண்ணீரில் கரைத்தேன். கொதிநீரையும் குறைத்தேன். எட்டாவது மணியில் எடுத்துவிட்டேன். நன்றாகவே வந்தது. பிள்ளைகள் போட்டி போட்டுச் சாப்பிட்டார்கள். ஆனால் கொண்டு வந்த பக்கற்றுகள் ஒரு மாதத்தில் தீர்ந்தன. பெட்டி அலுமாரியின் மேல் ஏறியது.

சகோதரிகளே, தயிராகட்டும் யோகட்டாகட்டும், அதற்குத் தேவையானவை நான்கே நான்கு: பால், உறைமோர், இளஞ்சூடு, அசைவில்லாத இடம். பாலில் இருக்கும் ஒருவகைச் சர்க்கரையை நுண்ணுயிர்கள் தின்று புளிப்பாக மாற்றுகின்றன. புளிப்பு ஏற ஏறப் பாலிலுள்ள புரதம் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கட்டியாகிறது. இவ்வளவுதான் அதன் இரகசியம். யோகட் செய்யும் நுண்ணுயிர்களுக்கு மிகவும் பிடித்தது 40 முதல் 45 பாகை செல்சியஸ் வரையான சூடு. அதற்கு மேல் போனால் அவை நலிந்துவிடும், கீழே போனால் சோம்பிவிடும்.

அப்படியானால் இந்த நான்கில் பெட்டி தருவது எதை? இளஞ்சூட்டை மட்டுமே! பனி கொட்டும் தேசத்தில் அது பெரிய விஷயம். டொரன்டோவிலும் ஒஸ்லோவிலும் இருக்கும் நம் பிள்ளைகள், மாசி மாதத்தில் பாலுக்கு உறை போட்டுவிட்டு மறுநாள் பார்த்தால் பால் பாலாகவே இருக்கும். அவர்களுக்கு அந்தப் பெட்டி உதவும். நம் கிழக்கு மாகாணத்துக்கோ அந்தச் சூட்டை அல்லாஹ் இலவசமாகவே தந்திருக்கிறான். காசு கொடுத்து வெயில் வாங்குவார் உண்டா?

அடுத்தது பக்கற்றுக் கணக்கு. அதில் இருப்பது பால்மா, உலர்த்திய நுண்ணுயிர், சிலவற்றில் சர்க்கரையும் வாசனையும். அதாவது நீங்கள் வாங்குவது பெரும்பாலும் பால்மாதான், அதுவும் கூடிய விலைக்கு. நீங்களே ஒரு தாளில் கணக்குப் பாருங்கள். ஒரு பக்கற்றின் விலையை ஒரு பக்கம் எழுதுங்கள். அதனால் கிடைப்பது ஏறத்தாழ ஒரு கிலோ. மறுபக்கம் ஒரு லீட்டர் பசும்பாலின் விலையை எழுதுங்கள். அதனாலும் கிடைப்பது ஏறத்தாழ ஒரு கிலோதான். உறைமோருக்கு விலையில்லை. நேற்றைய தயிரில் ஒரு கரண்டி மீதம் வைத்தால் முடிந்தது. இரண்டு தொகைக்கும் உள்ள வித்தியாசத்தை நாலு கிழமையால் பெருக்குங்கள். பெட்டியின் விலையைச் சேர்க்காமலே விடை வந்துவிடும்.

கப்பலில் வரும் மாவை நம்பி இருப்பது எப்படி என்பதை நாம் பட்டும் அறிந்திருக்கிறோம். 2021ஆம் ஆண்டு அக்டோபரில் விலைக் கட்டுப்பாடு நீங்கியதும் ஒரு கிலோ பால்மா 1,195 ரூபாயானது. 2022 மார்ச்சில் அதுவே 1,945 ரூபாய்! அதற்கும் வரிசையில் நின்றோம். கைக்குழந்தையோடு நின்ற தாய்மாரை இன்னும் மறக்க முடியவில்லை.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். கடை யோகட்டிலும் சில பக்கற்றுகளிலும் கெட்டியாக நிற்பதற்கென்று ஜெலட்டின் சேர்ப்பதுண்டு. ஜெலட்டின் விலங்குகளின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படுவது. எந்த விலங்கு, எப்படி அறுக்கப்பட்டது என்பது நமக்குத் தெரிய வேண்டும் அல்லவா? ஆகவே வெளிநாட்டுப் பக்கற்றானால் சேர்மானங்களைக் கட்டாயம் வாசியுங்கள். ஹலால் சான்று இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் நல்ல பாலில் தோய்த்த தயிருக்கு இந்தக் கவலையே இல்லை.

யோகட் என்பது ஏதோ மேல்நாட்டுக் கண்டுபிடிப்பு என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். அந்தச் சொல்லே துருக்கி மொழிச் சொல். அதிலுள்ள நுண்ணுயிரை 1905இல் முதலில் கண்டறிந்தவர் ஸ்டாமென் கிரிகோரோவ் என்ற பல்கேரிய மருத்துவர். 1919இல் ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனா நகரில் ஐசாக் கராசோ என்பவர் இதைத் தயாரித்து முதலில் மருந்துக் கடைகளில் விற்கக் கொடுத்தார். தம் மகன் டானியேலின் செல்லப் பெயரை அதற்கு இட்டார். அதுதான் இன்று உலகறிந்த டனோன். நமக்கோ அது மருந்துக் கடைக்கு வரவில்லை. தலையில் சுமந்து வாசலுக்கு வந்தது.

ஆம், என் சிறுபிராயத்தில் எங்கள் வாசலுக்குத் தயிர் மண்டூரிலிருந்து வந்தது. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில், படுவான்கரையில் இருக்கும் ஊர். முருகன் கோவிலால் பேர் பெற்றது. அங்கிருந்து ஒரு தாய், கயிற்றுறியில் தயிர்ச்சட்டிகளை அடுக்கி, குருமண்வெளித் துறைக்கு, நம்மூரில் ‘பாதை’ என்போமே, அந்த மிதவையில் வாவியைக் கடந்து, பஸ் பிடித்து மருதமுனைக்கு வருவார். கிழமைக்கு இரண்டு நாள். நிறைந்த சட்டியைத் தந்துவிட்டு, போன முறை தந்த வெறுஞ்சட்டியை வாங்கிப் போவார். உம்மா அந்தச் சட்டியைக் கழுவி வெயிலில் காயவைத்துத் தயாராக வைத்திருப்பார். “பிட்டும் தேங்காய்ப்பூவும் போல” என்று தமிழரும் முஸ்லிம்களும் வாழ்ந்ததைச் சொல்வார்களே, எங்கள் வீட்டில் அது தயிரும் பனங்கட்டியும்தான்.

1990இல் நிலைமை கெட்டது. இரு பக்கமும் உயிர்கள் போயின. அக்கரையும் இக்கரையும் ஒன்றையொன்று பார்க்கப் பயந்தன. அந்தத் தாய் பிறகு வரவில்லை. அவருடைய சட்டி ஒன்று மட்டும் எங்கள் குசினி மூலையில் தங்கிவிட்டது. அதில் உம்மா எதையும் ஆக்கியதில்லை. “அது அவட சட்டி மகள். அமானிதம். திருப்பிக் குடுக்க வேணும்” என்பார். உம்மா மௌத்தாகும் வரை சொன்ன சொல் அது.

2009இல் போர் முடிந்தது. அதற்குப் பின்னும் இன்று போவோம், நாளை போவோம் என்று நாட்கள் ஓடின. உண்மையைச் சொன்னால் கால் வரவில்லை. உங்கள் கடிதம் வந்த பிறகுதான், தயிரைப் பற்றி எழுதப் போகிற நான் தயிர்க்காரியின் கடனைத் தீர்க்காமல் எப்படி எழுதுவது என்று மனம் குறுகுறுத்தது. மூத்த மகனைக் கூட்டிக்கொண்டு, சட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு மண்டூருக்குப் போனேன்.

விசாரித்து வீட்டைக் கண்டுபிடிப்பது கடினமாக இருக்கவில்லை. அந்தத் தாய் காலமாகிப் பல வருடமாகிவிட்டது. மகள் இருந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். சட்டியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விளிம்பைத் தடவினார். “எங்கட அம்மாட சட்டிதான் தங்கச்சி. இவ்வளவு காலம் உடையாம வெச்சிருந்தீங்களா?” என்றார். பிறகு இருவருக்கும் சிறிது நேரம் பேச்சு வரவில்லை.

அவர் இன்னும் எருமை வைத்திருக்கிறார். இன்னும் சட்டியில்தான் தயிர் தோய்க்கிறார். எனக்குப் பக்கத்தில் இருத்தி எல்லாவற்றையும் காட்டினார். காலையில் கறந்த பாலைத் துணியில் வடித்து, விறகடுப்பில் பொங்கவிட்டு, பிறகும் சிறு தீயில் வைத்துச் சற்று வற்றவிடுகிறார். கன்றுக்கு ஒரு முலையை விட்டுவைத்த பிறகுதான் கறவை. “அது குடிச்ச மிச்சம்தான் நமக்கு” என்கிறார். பால் ஆறி விரல் பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் உறைமோரைக் கரைத்துச் சட்டிகளில் ஊற்றி மூடுகிறார். அதன்பின் விடியும்வரை ஒருவரும் அந்தப் பக்கம் நடமாடக் கூடாது!

சட்டித் தயிர் ஏன் கத்தியால் வெட்டும்படி இருக்கிறது என்பதற்கு விஞ்ஞானமும் காரணம் சொல்கிறது. பசும்பாலில் கொழுப்பு நூற்றுக்கு மூன்றரை முதல் நான்கு பங்கு. எருமைப் பாலில் ஏழு எட்டுப் பங்கு. புரதமும் கூடுதல். பாலை நன்றாகக் காய்ச்சும்போது புரதம் இளகித் தயிர் இன்னும் கெட்டியாகிறது. மண்சட்டியின் கண்ணுக்குத் தெரியாத துளைகள் மிச்சத் தண்ணீரை உறிஞ்சுகின்றன. உறிஞ்சிய நீர் வெளிப்புறத்தில் ஆவியாவதால் சட்டி குளிர்ந்து, தயிர் அளவுக்கு மீறிப் புளிக்காமல் இருக்கிறது. ஜெலட்டினும் இல்லை, மின்சாரமும் இல்லை.

நான் என் பெட்டியைப் பற்றியும் அவரிடம் சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டு, “அந்தப் பெட்டிக்குள்ள எருமையும் வெச்சித் தாறாங்களா தங்கச்சி?” என்றார். இருவரும் சிரித்துவிட்டோம்.

சிரிப்புக்குப் பின்னால் கவலையும் இருந்தது. பெரும்போக வேளாண்மைக் காலத்தில் வயல்கள் பயிராகிவிடுவதால், மட்டக்களப்பு மாவட்டத்தின் மாடுகளைத் தூரத்து மேய்ச்சல் தரைகளுக்குக் கொண்டுபோக வேண்டும். மயிலத்தமடு, மாதவனைப் பக்கத்து மேய்ச்சல் தரையில் வெளியார் பயிர் செய்யத் தொடங்கியதால் மாடுகளுக்கு இடமில்லை என்று பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் வீதியோரம் அமர்ந்து போராட்டம் தொடங்கியது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். புல் இல்லாவிட்டால் பால் ஏது? சட்டி வனையும் குடும்பங்களும் குறைந்து, பிளாஸ்டிக் கோப்பை மலிவாகிவிட்டது. “பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வாறாங்களில்ல. நான் இருக்கும் மட்டும்தான்” என்றார் அந்த அக்கா.

ஆகவே, கடிதம் எழுதிய தாயாருக்கு என் பதில் இது. மகனிடம் பெட்டி வேண்டாம் என்று சொல்லுங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டார் என்றால் மனம் நோகச் சொல்லாதீர்கள். பக்கற்று முடிந்த பிறகும் அந்தப் பெட்டியில் நம் பாலையே தோய்க்கலாம். மழைக்காலத்தில் மார்கழி தை மாதங்களில் தயிர் தோய மறுக்கும்போது அது உதவும். நுவரெலியா, பண்டாரவளைப் பக்கம் வாழும் சகோதரிகளுக்கு வருடம் முழுவதும் உதவலாம். குளிர் நாட்டுப் பிள்ளைகளுக்குத் தாராளமாக வாங்கச் சொல்லுங்கள். மற்றவர்களுக்கு, பெட்டியில்லாமல் வீட்டில் தோய்க்கும் முறையைத் தருகிறேன்.

ஒரு லீட்டர் பாலைப் பொங்கக் காய்ச்சி, மேலும் பத்து நிமிடம் சிறு தீயில் கிளறிக்கொண்டிருங்கள். பால்மா என்றால் ஒரு லீட்டர் கொதித்து ஆறிய நீரில் 150 கிராம் மாவைக் கட்டியில்லாமல் கரைத்துக்கொள்ளுங்கள். பாலை ஆறவிடுங்கள். சுத்தமான சின்னவிரலை விட்டு ஒன்று முதல் பத்து வரை எண்ணும்போது இதமாகச் சுட வேண்டும், எரியக் கூடாது. அதுதான் பதம். இனிப்பில்லாத நல்ல தயிரில் ஒரு மேசைக்கரண்டி எடுத்து, கொஞ்சம் பாலில் கரைத்து, பிறகு முழுப் பாலிலும் சேருங்கள். சட்டியிலோ கண்ணாடிப் பாத்திரத்திலோ ஊற்றி மூடி, ஆடாத இடத்தில் வையுங்கள். நம் ஊர்ச் சூட்டில் ஆறு முதல் எட்டு மணி நேரம் போதும். குளிரான நாளில் தடித்த துவாயால் சுற்றுங்கள். அல்லது சோறு சூடாக வைக்கும் பெட்டியினுள் வையுங்கள். தோய்ந்ததும் குளிர்சாதனப்பெட்டியில் வைத்தால் புளிப்பு மேலே ஏறாது.

புதிய மண்சட்டியானால் முதலில் ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்து, கொதிநீரால் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவையுங்கள். சவர்க்காரம் போடாதீர்கள். சட்டி குடித்த சவர்க்காரத்தைத் தயிர் திருப்பித் தந்துவிடும்!

தயிர் நூல் நூலாக இழுபட்டால் உறைமோர் பழுது. புதிய உறைமோர் மாற்றுங்கள். தண்ணீர் பிரிந்து புளித்தால் நேரமோ சூடோ கூடிவிட்டது. தோயவே இல்லையென்றால் பால் ஆறிவிட்டது அல்லது உறைமோர் உயிரற்றது. நிறம் மாறிப் பூஞ்சணம் கண்டால் மேலே வழித்துவிட்டுச் சாப்பிடாதீர்கள். முழுவதையும் கொட்டிவிடுங்கள். கர்ப்பிணிச் சகோதரிகள் காய்ச்சாத பாலில் செய்த எதையும் தொட வேண்டாம். மாட்டிலிருந்து மனிதருக்குத் தொற்றும் நோய்கள் அந்தப் பாலால் வரும். பால் குடித்தால் வயிறு ஊதுகிறது என்பவர்கள் தயிரைச் சிறிதளவில் தொடங்கிப் பார்க்கலாம். பாலின் சர்க்கரையில் ஒரு பங்கை நுண்ணுயிர்கள் முன்பே தின்றுவிடுவதால் பலருக்கு அது ஒத்துப்போகிறது. சீனி வருத்தமுள்ளவர்கள் தயிரோடு பாணியைச் சேர்க்காமல், வெள்ளரிக்காய் அரிந்து உப்புப் போட்டுச் சாப்பிடுங்கள்.

இன்னுமொரு வார்த்தை. வாரத்தில் ஆறு நாள் வீட்டில் தோய்த்தாலும், ஒரு நாளாவது சட்டித் தயிர் வாங்குங்கள். அதன் விலையில் அந்தப் பெண்களின் விடியற்காலையும், மாட்டின் புல்லும், சட்டி வனைபவரின் கூலியும் இருக்கின்றன. பேரம் பேசிப் பத்து ரூபாய் குறைக்கும் சாமர்த்தியத்தைப் பெரிய கடைகளில் காட்டுங்கள். இவர்களிடம் வேண்டாம்.

புறப்படும்போது அந்த அக்கா, உம்மாவின் அமானிதமாக இருந்த அதே சட்டியைக் கொதிநீரால் கழுவி எடுத்து, அன்று தோய்ந்த தயிரை ஓர் ஏனத்திலிருந்து அதில் வைத்து, வாழையிலையால் மூடிக் கட்டி என் கையில் தந்தார். “காசு வேணாம். சட்டியத் திருப்பிக் கொண்டு வாங்க” என்றார்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த கிழமை போக வேண்டும். இந்த முறை முப்பது வருடம் தாமதிக்க மாட்டேன்.

வஸ்ஸலாம்.